லயத்து வாசலுக்கு வந்த பாடம்

பாடசாலை மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் புத்தகப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து செல்லும் குறுக்குப் பாதையில் இறங்கி, மூடுபனிக்குள் ஒருவர் பின் ஒருவராக மறைந்து போகின்றனர். வகுப்பறையில் எஞ்சி நிற்பவர் ஆசிரியர் ஒருவரே. அவருக்கு முன்னால் நாற்பது அப்பியாசக் கொப்பிகள். நாற்பது பிள்ளைகள் எழுதிய நாற்பது கட்டுரைகளையும் இவ்வுலகில் வாசிக்கப் போகிறவரும் அவர் ஒருவரே. சிவப்பு மையால் ஒரு சரி, ஓரத்தில் புள்ளி, கீழே கையொப்பம். அவ்வளவோடு அக்கட்டுரையின் ஆயுள் முடிந்துவிடுகிறது. ஆண்டிறுதியில் கொப்பிகள் பழைய கடதாசிக்காரரின் தராசுக்குப் போகும். மறுமாதம் அதே தாள் வடை சுற்றிய பொட்டலமாக நம் கைக்கே திரும்பி வந்தாலும் வியப்பதற்கில்லை.

மலைநாட்டிலே பல ஆண்டுகளாக ஆசிரியத் தொழில் புரிந்துவரும் நம்மை இக்காட்சி அடிக்கடி சிந்திக்க வைத்ததுண்டு. பிள்ளை கற்றது பிள்ளையோடும் ஆசிரியரோடும் பரீட்சை மண்டபத்தோடும் முடிந்துவிட வேண்டியதுதானா? கொழுந்து கொய்து களைத்து வரும் தாய்க்கும், இஸ்தோப்பில் குந்தியிருக்கும் பாட்டனுக்கும், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதிலே பங்கில்லையா? இன்று வலைப்பூ என்றும் வலையொலி என்றும் புதிய சாதனங்கள் நம் கைக்கு எட்டியிருக்கின்றன. அவற்றைக்கொண்டு வகுப்பறையின் கதவைச் சற்றே திறந்து வைக்க முடியுமா? நம் குடும்பங்களும் மாணவர்களும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய விடயம் இது.

செவிவழி வளர்ந்த மலையகம்

சாதனங்கள் புதியன, எண்ணம் மிகப் பழையது. எழுத்தறிவு அருகியிருந்த காலத்திலும் மலையகம் செய்தியறியாமல் இருந்ததில்லை. அது செவியால் கற்றது. கோ. நடேசய்யர் 1924ஆம் ஆண்டில் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கியவர். பின்னர் 1931இல் ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தவர். அச்சிட்ட எழுத்தை வாசிக்க அறியாதவரிடம் அவ்வெழுத்து எவ்வாறு சென்று சேரும்? அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் அதற்கு வழி கண்டார். தொழிலாளரின் துயரங்களைப் பாட்டாக யாத்துக் கூட்டங்களில் தாமே பாடினார். வாசிக்க அறிந்த ஒருவர் வாங்கிய சிறு பாட்டுப் புத்தகம் ஒரு லயம் முழுவதற்கும் உரியதாயிற்று.

அதேபோல, மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாயில் மட்டுமே வாழ்ந்துவந்த பாடல்களைத் தேடித் தேடி எழுதி வைத்தார். அவர் அப்பணியைச் செய்திராவிடில், தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் பாடியவரோடே மண்ணுக்குள் போயிருக்கும். ஒருவர் வாய்ச்சொல்லை ஊர் கேட்கச் செய்வதும், ஊர் வாய்ச்சொல்லை எழுத்தில் நிறுத்துவதும் ஆகிய இரண்டுமே நம் முன்னோர் செய்துகாட்டிய காரியங்கள். வலையொலி முதலாவதைச் செய்கிறது. வலைப்பூ இரண்டாவதைச் செய்கிறது.

பாடசாலைகளிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. கையெழுத்துப் பத்திரிகை நடத்தாத மாணவர் மன்றம் ஒரு காலத்தில் அரிது. அழகிய கையெழுத்துடைய ஒரு மாணவன் அகன்ற தாளில் எழுத, சித்திரம் வரைய வல்லவன் அட்டைப்படம் தீட்ட, ஒரே பிரதி வகுப்பு வகுப்பாகக் கைமாறிச் செல்லும். அது கிழிந்து போனால் பத்திரிகையும் போயிற்று. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இணைய நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள் ஆகியவற்றோடு பாடசாலை மலர்களையும் மின்வடிவாக்கி எவரும் இலவசமாக வாசிக்க வைத்துள்ளது. என்றோ ஒரு மாணவி எழுதிய கட்டுரையை அவளுடைய பேரப்பிள்ளை இன்று வாசிக்கக் கூடுமாயின், மாணவர் எழுத்து பொட்டலத் தாளாக வேண்டிய விதியொன்றும் இல்லை என்பது தெளிவு.

ஒரு பிரெஞ்சு ஆசிரியர் காட்டிய வழி

உலகில் இவ்வழியை முறையாக வகுத்தவருள் முதன்மையானவர் பிரான்சு தேசத்து ஆசிரியர் செலஸ்தேன் பிரெய்னே. 1896இல் பிறந்த இவர், முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்றவர். நெடுநேரம் உரத்துப் பேசிப் பாடம் நடத்த அவரால் இயலவில்லை. தென் பிரான்சில் பார்-சூர்-லூ என்னும் மலைக் கிராமத்துப் பாடசாலையில் பணியாற்றிய அவர், 1924இல் ஒரு சிறு அச்சியந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டு வந்தார். பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினர். வகுப்பு முழுவதும் கூடித் திருத்தியது. பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். 1926 முதல் அத்தாள்கள் நாட்டின் மறுமுனையில், பிரெத்தான் பகுதியிலுள்ள வேறொரு பாடசாலைக்கு அஞ்சலில் சென்றன. அங்கிருந்து அப்பிள்ளைகளின் எழுத்து இங்கு வந்தது. மலையில் வாழ்ந்த பிள்ளை கடலோரத்தையும், கடலோரப் பிள்ளை மலையையும் இவ்வாறு அறிந்தனர்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது அச்சியந்திரத்தையன்று. 'நாம் எழுதுவதை முகமறியாத ஒருவர் வாசிக்கப் போகிறார்' என்ற நினைவு பிள்ளையின் எழுத்தை மாற்றிவிடுகிறது என்பதே இதன் சாரம். ஆசிரியருக்கு மட்டும் எழுதும் பிள்ளை, ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுதுகிறது. அயலாருக்கு எழுதும் பிள்ளையோ, அயலாருக்கு விளங்குமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறது. அக்கேள்வியில்தான் கல்வி பிறக்கிறது.

அன்று அச்சியந்திரம் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. இன்று வலைப்பூ தொடங்கக் கட்டணமில்லை. வலையொலி எனப்படும் பொட்காஸ்ட் என்பதும் பெரிய வித்தையன்று. 2004ஆம் ஆண்டளவில் வழங்கத் தொடங்கிய பெயர் அது. பேச்சைப் பதிவு செய்து, வேண்டியவர் வேண்டிய நேரத்தில் கேட்கும்படி இணையத்தில் வைப்பதே அதன் பொருள். சாதாரணக் கைத்தொலைபேசியே அதற்குப் போதும். மலைநாட்டுக்கு இதிலே தனியொரு வசதியும் உண்டு. பேச்சை மட்டும் சிக்கனமாகப் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு அரை மெகாபைற்று அளவே செல்லும். பத்து நிமிடப் பேச்சு ஏறக்குறைய ஐந்து மெகாபைற்றுக்குள் அடங்கும். காணொளிக்கோ இதைப் போலப் பன்மடங்கு வேண்டும். 2020 மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலைவரிசை தேடி மலையுச்சி ஏறிய நம் பிள்ளைகளை நாடே பார்த்தது. அவர்களுக்கு ஐந்து மெகாபைற்றின் அருமை தெரியும்.

மழையை அளந்த மாணவர்

இனி, நாம் நேரில் கண்ட ஓர் அனுபவத்தைச் சொல்லுகிறோம். நம் வகுப்பில் புவியியல் பாடத்தில் மண்சரிவு பற்றிய பகுதி வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வாழ்வோருக்கு இது வெறும் பாடமன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியதை நாம் மறக்க முடியாது. அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்களும் அங்கேயே இருந்தனர். அன்று காலை பாடசாலைக்குச் சென்றிருந்ததனால் உயிர் தப்பிய பிள்ளைகள், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண்ணையே கண்டனர். அறிவு ஓரிடத்தில் தேங்கி நிற்பதன் விலை என்னவென்று இதைவிடக் கொடுமையாக எவரும் கற்பிக்க முடியாது.

எனவே, இப்பாடத்தை லயத்துக்குக் கொண்டு செல்வோம் என்று மாணவரிடம் சொன்னோம். முதலில் அவர்கள் செய்தது என்ன? பாடநூலின் இரண்டு பக்கங்களை அப்படியே வாசித்துப் பதிவு செய்தார்கள். குரல் இனிமையாகவே இருந்தது. ஒரு மாணவி அதைத் தன் பாட்டியாருக்குப் போட்டுக் காட்டினாள். முழுவதும் பொறுமையாகக் கேட்ட அம்மூதாட்டி, "நல்லாத்தான் வாசிக்கிற கண்ணு. ரேடியோவில சேதி சொல்ற மாதிரியே இருக்கு. ஆனா எங்கே சரியுதுன்னு சொல்லலையே?" என்றாராம். மறுநாள் அம்மாணவி வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஆயினும் இவ்வளவு கூரிய விமரிசனத்தை எந்தப் பரிசோதகரும் எழுதியதில்லை.

அடுத்த கிழமை வேலை வேறு விதமாகத் தொடங்கியது. அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் போத்தல்களின் கழுத்தை வெட்டி, பக்கத்தில் மில்லிமீற்றர் அளவுகோல் ஒட்டி, மரமோ கூரையோ மறைக்காத இடங்களில் நட்டார்கள். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு நீரின் ஆழத்தைக் குறிப்பது, பின் கொட்டிவிடுவது. பாடசாலை நாட்களில் வீட்டிலிருக்கும் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இதனாலேயே குடும்பங்களும் காரியத்தில் சேர்ந்துவிட்டன. 'ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் என்ன?' என்று ஒரு தாயார் கேட்டார். விடை சொல்லப் போன மாணவன், ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர் என்று முதன்முதலாக விளங்கிக்கொண்டான். பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமுமுள்ள ஒரு காம்பராவின் பரப்பில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஏறக்குறைய 1,670 லீற்றர் நீர் விழும் என்று அவனே கணக்கிட்டான். ஒரு காம்பராவுக்கு இவ்வளவு என்றால் ஒரு மலைக்கு எவ்வளவு என்ற கேள்வியை நாம் கேட்கத் தேவையிருக்கவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள அளவுகளையும் அவர்கள் சேர்த்துக்கொண்டனர். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை தொடருமாயின் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐத் தாண்டின் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150ஐத் தாண்டின் அபாயப் பகுதியை விட்டு நீங்குதல் வேண்டும். அளவு எதுவாயினும், நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம் அல்லது கம்பம், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் அல்லது சட்டென நின்றுபோகும் பீலித் தண்ணீர் ஆகியவற்றைக் கண்டால் காத்திருத்தல் ஆகாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. இவை யாவும் எட்டு நிமிடப் பேச்சாயின. அப்பேச்சு வாட்ஸ்அப் வழியாக லயங்களுக்குச் சென்றது. தொலைபேசி இல்லாதவருக்காக அதன் சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிப் பீலிக்கருகே ஒட்டினார்கள்.

இதிலே ஒரு பிழையும் நேர்ந்தது. முதற் பதிவில் '75 மில்லிமீற்றர்' என்று சொன்ன மாணவன், '24 மணி நேரத்தில்' என்பதைச் சொல்ல மறந்தான். கொப்பியிலாயின் அரைப் புள்ளி குறைந்திருக்கும், அவ்வளவே. இங்கோ, ஒரு கிழமை மழையைக் கூட்டிப் பார்த்து ஒரு குடும்பம் கலங்கிவிட்டது. மறுநாளே அவன் தன் குரலில், தன் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தத்தைப் பதிவு செய்தான். அன்று அவன் கற்றதைப் பாடத்திட்டத்தின் எப்பகுதியில் சேர்ப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்த பாடம்

உண்மையான பயன் இதன் பின்னரே விளைந்தது. பேச்சைக் கேட்ட ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் அம்மாணவியைக் கூப்பிட்டு, "மழைய மட்டும் குத்தம் சொல்லாதே பாப்பா. அந்தக் காலத்தில மலைக்கு மலை கான் வெட்டுவோம். கான்ல தண்ணி ஓடிப் போயிரும். இப்ப லயத்துக்குப் பின்னாடி கான் தூந்து கிடக்கு. தண்ணி எங்கே போகும்? மண்ணுக்குள்ளதான் போகும்" என்றாராம்.

மாணவர் அவரையே வழிகாட்டியாகக் கொண்டு சென்று பார்த்தார்கள். சருகும் மண்ணும் குப்பையும் அடைத்து, கான் இருந்த தடமே தெரியவில்லை. சரிவான நிலத்தில் மேற்பரப்பு வடிகால் அடைபட்டால் நீர் மண்ணுள் இறங்கி அதன் பாரத்தைக் கூட்டிப் பிடிப்பைக் குறைக்கும் என்பது பாடநூலிலும் உள்ள உண்மையே. ஆனால் பாடநூலின் 'வடிகால்' தம் லயத்துக்குப் பின்னாலுள்ள கான்தான் என்பது அதுவரை ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை, நமக்குந்தான் தோன்றவில்லை. அடுத்த பதிவில் பெரியவரின் குரலே ஒலித்தது. அதன் பின் ஒரு போயா விடுமுறையன்று லயத்து ஆடவர் சிலர் மண்வெட்டியுடன் கூடிக் கானைத் துப்புரவு செய்தனர். இதனால் மலையே காப்பாற்றப்பட்டது என்று நாம் பெருமை பேசப் போவதில்லை. அடுத்த மழைக்குத் தண்ணீர் கானில் ஓடியது. அதைப் பார்க்கப் பிள்ளைகள் குடை பிடித்துச் சென்றனர். அவ்வளவே.

நாற்பது ஆண்டுகள் கான் வெட்டிய ஒரு மனிதர், தம்மை ஒரு பாடசாலை வந்து கேட்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். கல்வி வெளியே போனால் வெறுங்கையுடன் திரும்புவதில்லை என்பதை அவரிடம் கற்றோம்.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

"இதனால புள்ளி கூடுமா, சேர்?" என்று ஒரு தந்தையார் நம்மிடம் நேராகவே கேட்டார். சாதாரண தரப் பரீட்சையே தம் பிள்ளையை மலையிலிருந்து இறக்கும் ஏணி என்று நம்புகிறவர் அவர், அக்கேள்வியில் தவறில்லை. பிறருக்கு விளக்கிச் சொன்னதைப் பிள்ளை மறப்பதில்லை என்பதே நம் விடை. ஆயினும் கிழமைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இதற்குச் செலவிடக் கூடாது என்ற வரம்பையும் அவருக்காகவே விதித்தோம்.

இப்பணியில் இறங்க விரும்புவோர் சில கட்டுப்பாடுகளைக் கைக்கொள்ளுதல் அவசியம். பிள்ளையின் முழுப் பெயர், படம், வீடு இருக்கும் இடம் ஆகியவற்றை வெளியிடுதல் ஆகாது. பெற்றோர் சம்மதமின்றி ஒரு குரலும் வெளியே போகக் கூடாது. முதியவரைப் பதிவு செய்வதானால், எங்கே, யாருக்குப் போகப் போகிறது என்று முன்னரே சொல்லி அனுமதி பெறுதல் வேண்டும். பதிந்த பின் அவருக்குப் போட்டுக் காட்டுதல் வேண்டும். அவர் வேண்டாமென்றால் அழித்துவிடுதல் வேண்டும். ஆசிரியரும் பிள்ளையின் பேச்சை மெருகு ஏற்றித் தம் பேச்சாக்கிவிடலாகாது. உண்மைப் பிழையைத் திருத்துக. பிள்ளையின் குரலைத் திருத்தற்க.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்துத் தமிழ் கொச்சை என்று நாணி வாய் மூடியிருக்கும் பிள்ளைகள் இன்றும் உளர். விளக்கம் கூறும்போது எல்லாருக்கும் விளங்கும் நல்ல தமிழில் கூறுக. முதியவர் சொன்னதைச் சொன்னபடியே விடுக. கான், பீலி, இஸ்தோப்பு, பெரட்டு என்ற சொற்களிலே நம் மக்களின் இருநூறாண்டு உழைப்பு உறைந்து கிடக்கிறது.

இணையம் எட்டாத பாடசாலைகள் மனந்தளர வேண்டியதில்லை. சுவர்ப் பத்திரிகையிலிருந்து தொடங்கலாம். ஒரே பிரதியுள்ள கையெழுத்துப் பத்திரிகையைப் பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையோடு பரிமாறலாம். பொருள் தேடி அலைய வேண்டியதுமில்லை. கொழுந்து தேயிலைத் தூளாவது எப்படி, நம் பீலிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, காமன் கூத்தில் யார் யார் என்ன வேடம் கட்டுகின்றனர் என்று கேட்கத் தொடங்கினால் ஆண்டு போதாது.

அன்பர்களே, இன்று மாலை உங்கள் வீட்டுப் பிள்ளை பாடசாலையிலிருந்து வந்ததும், 'எத்தனை புள்ளி?' என்று கேட்குமுன், 'இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குச் சொல்' என்று கேட்டுப் பாருங்கள். தேநீர் ஆறும்வரை பொறுமையாகக் கேளுங்கள். விளங்காவிட்டால், அந்த மூதாட்டியைப் போல விளங்கவில்லை என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் கூசாமல் சொல்லுங்கள். வலைப்பூவும் வலையொலியும் அதன் பின்னர் வரட்டும். முதல் நேயர் நீங்களே.